முன்கூட்டிச் சொன்ன ஸ்தோத்திரம்

அப்பா விழுந்த அன்று அவருடைய பஸ்ஸுக்குப் பின்னால் வந்த பஸ்ஸில் நான் இருந்தேன். விழுப்புரத்தில் டைப்ரைட்டிங் வகுப்பு முடித்துவிட்டுத் திண்டிவனம் திரும்பிக்கொண்டிருந்தேன். கூட்டேரிப்பட்டில் ஒரு பஸ் ரோட்டை விட்டுக் கோணலாக இறங்கி நின்றது. சுற்றிலும் கூட்டம். ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி ஒருவரைக் கேட்டேன்.

"இன்னாங்க ஆச்சு?"

"கண்டக்டர் வுழுந்துட்டாருமா. வெயிலு தாங்கல போல."

கூட்டத்தின் கால்களுக்கு நடுவே, புளியமரத்தடி மண்ணில், ஒரு காக்கிப் பேண்ட் தெரிந்தது. ஒரு செருப்பு கழன்று கிடந்தது. வார் அறுந்து, அம்மா சாக்கு ஊசியால் தைத்துக் கொடுத்த செருப்பு. நான் பஸ்ஸிலிருந்து எப்படி இறங்கினேன் என்பது நினைவில் இல்லை. அப்பா கண்ணைத் திறந்துதான் வைத்திருந்தார். என்னைப் பார்த்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டிருந்தது. என்னவோ சொல்ல வந்தார். எச்சில்தான் வந்தது.

வெயில் இல்லை அது. மூளைக்குப் போகிற ரத்தக் குழாயில் அடைப்பு என்று பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். வலது கையும் காலும் இழுத்துக்கொண்டன. பேச்சு அடியோடு போய்விட்டது. ஒரு இளம் டாக்டர் மட்டும் நின்று பொறுமையாக விளக்கினார். "அவருக்கு எல்லாம் கேக்குதும்மா, எல்லாம் புரியுது. உள்ள வார்த்தை இருக்கு. வெளிய வர்ற வழிதான் அடைச்சிருக்கு. திரும்ப வரலாம். வராமலும் போகலாம்." அவர் சொன்னதில் 'வரலாம்' வரைக்கும்தான் நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

போனது சாதாரணக் குரல் இல்லை. திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் அப்பா "விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம், விழுப்ரோம்" என்று கூப்பிட்டால் எதிர் டீக்கடையில் பால் பொங்கிவிடும் என்று டிரைவர்கள் கிண்டல் செய்வார்கள். வீட்டில் ராத்திரி அவர் குடும்ப ஜெபம் செய்வதும் அதே வேகம்தான். ஊர் பேர் கூப்பிடுவது போலச் சொந்தக்காரர்களை ஒவ்வொருவராகப் பேர் சொல்லி ஆசீர்வாதம் கேட்டு, ஆமென் சொல்லி, டபுள் விசில் கொடுக்காத குறையாக முடித்துவிடுவார். அவர் பிறவிக் கிறிஸ்தவர். மதம் அவருக்குப் பழகின சட்டை மாதிரி. அம்மா அப்படி இல்லை. ஓமந்தூர்ப் பக்கம் சொந்த நிலம் வைத்து உழுது பயிர் செய்கிற இந்துக் குடும்பத்திலிருந்து, அப்பாவைக் கட்டிக்கொண்டு, ஆண்டவரையும் கட்டிக்கொண்டு வந்தவள். பிந்தி வந்தவர்களுக்கே உரிய சூடு அவளிடம் இருந்தது.

என்னிடமும் இருந்தது. நான் எதையும் அரைகுறையாகச் செய்கிற ஆள் இல்லை. பி.எஸ்ஸி. படிக்கும்போது ஒரு ஜெபக் குழுவில் சேர்ந்தேன். சேர்ந்த வேகத்தில் ஏரியில் இறங்கி முழுக்கு ஞானஸ்நானம் எடுத்தேன். சைக்கிளில் பெருமுக்கல் வரைக்கும் போய்த் துண்டுப் பிரசுரம் கொடுத்தேன். அம்மாவையும் இழுத்துக்கொண்டு, அப்பா வழியில் வந்த பழைய கோயிலை விட்டு, வேர்க்கடலை ஆட்டுகிற மல்லாட்டை மில்லுக்குப் பின்னால் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட ஒரு ஹாலில் நடந்த சபைக்குப் போக ஆரம்பித்தேன். கை தட்டுவோம், கஞ்சிரா அடிப்போம், அழுவோம். அப்பா வரமாட்டார். "ஆண்டவருக்குக் காது நல்லாதாண்டி கேக்கும். நீங்க எதுக்கு அந்தக் கத்து கத்தறீங்க?" என்பார். ஊரிலேயே பெரிய குரலை வைத்துக்கொண்டு அவர் இதைக் கேட்பது எங்களுக்கு வேடிக்கையாக இருக்கும்.

ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்த பிறகு வீடே என் கையில் வந்துவிட்டது போல நடந்துகொண்டேன். விடியற்காலை ஜெபம். பிறகு பயிற்சி. பேச்சுப் பயிற்சி கொடுக்கும் பெண் பாண்டிச்சேரியில் கற்றுக் கொடுத்ததை ஒன்று விடாமல் செய்வேன். முகம் பார்க்கும் கண்ணாடியை அவர் முன்னால் பிடித்து "ஆ சொல்லுப்பா, ஊ சொல்லுப்பா" என்பேன். மெழுகுவத்தி ஏற்றி ஊதச் சொல்வேன். பழைய காலண்டர் தாள்களின் பின்பக்கம் பெரிய எழுத்தில் தண்ணி, சோறு, வலி, போதும் என்று எழுதிக் காட்டுவேன். அவர் உதட்டைக் குவிப்பார், கழுத்து நரம்பு புடைக்கும், கண் சிவக்கும். ஒன்றும் வராது. கொஞ்ச நாளில் கண்ணாடியை எடுத்தாலே இடது கையால் அதைக் கவிழ்த்து வைத்துவிடுவார். வெள்ளிக்கிழமை ஹாலில் உபவாச ஜெபம். பாஸ்டர் வீட்டுக்கு வந்து எண்ணெய் பூசி ஜெபித்தார். அப்பா கண்ணை மூடாமல் மேலே உத்தரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அம்மாவின் அண்ணன், என் மாமா, ஒரு நாள் அரைச் சாக்கு மல்லாட்டையோடு வந்தார். மயிலம் முருகனுக்கு வேண்டிக்கொண்டதாகச் சொன்னார்.

"மாப்ள வாயத் தொறந்து என்னை ஒரு வார்த்தை திட்டட்டும், மொட்டை போட்டுக்கினு வர்றேன்னு சொல்லிட்டேன்."

"அதெல்லாம் வேணாம்ணா," என்றாள் அம்மா.

"உனக்கு இன்னா? முடி என்னுது, சாமி என்னுது. நீ உன் சாமிகிட்ட கேளு, நான் என் சாமிகிட்ட கேக்கறேன். யாருக்கு ஜல்தி காது கேக்குதுன்னு பாத்துடுவோம்." அப்பா பக்கம் திரும்பி, "இன்னா மாப்ள, இதுங்க ரெண்டும் ஜெபம் ஜெபம்னு உன்னைப் பேஜாரு பண்ணுதுங்களா? தலையை ஆட்டு, ஓமந்தூருக்குத் தூக்கிக்கினு போய்டறேன்," என்றார்.

அப்பா சிரித்தார். சத்தத்தோடு சிரித்தார். பழைய சிரிப்பின் பாதி இருந்தது அதில். நாங்கள் மூன்று பேரும் அசையாமல் நின்றோம். பேச்சுக்கு இல்லாத சத்தம் சிரிப்புக்கு இருந்தது.

மாமா போன பிறகு அம்மா அடுப்பங்கரையில் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "சத்தம் வந்துச்சு பாத்தியா? தொண்டை தொறந்துடுச்சி. இனிமே பேச்சும் வந்துடும்." சிரிப்புக்கும் பேச்சுக்கும் மூளையில் வேறு வேறு இடம் என்று நான் எங்கோ படித்திருந்தேன். சொல்லவில்லை. எனக்கும் அது அடையாளமாகத்தான் பட்டது.

எங்கள் சபையில் ஒரு வழக்கம் உண்டு. வெளியே இருப்பவர்களுக்கு அது புரியாது. ஒரு காரியத்துக்காக ஜெபித்துக்கொண்டே இருப்பது ஒரு படி. அது கிடைத்துவிட்டது என்று உள்ளத்தில் நம்பி, கையில் வருவதற்கு முன்பே, சபை நடுவில் எழுந்து நின்று நன்றி சொல்வது அதற்கு மேலே உள்ள படி. வேலைக்கு மனுப் போட்டவன் எழுந்து, வேலை கொடுத்த ஆண்டவருக்கு ஸ்தோத்திரம் என்பான். வரன் அமையாத பெண்ணின் தாய், நல்ல மருமகனைக் கொடுத்ததற்கு ஸ்தோத்திரம் என்பாள். அவனுக்கு இன்னும் உத்தரவு வரவில்லை, இவளுக்கு இன்னும் யாரும் பெண் பார்க்க வரவில்லை என்பது உட்கார்ந்திருக்கிற அத்தனை பேருக்கும் தெரியும். யாரும் அதைப் பொய் என்று நினைப்பதில்லை. நானும் நினைத்ததில்லை. அதைவிடத் தைரியமான ஜெபம் உலகத்தில் இல்லை என்றே நினைத்தேன்.

பாஸ்டர் அம்மாவிடம் சொன்னார்: "கேட்டுக்கினே இருக்கீங்க சிஸ்டர். எப்பதான் வாங்கிக்கப் போறீங்க?"

அந்த ஞாயிற்றுக்கிழமை, யார் வேண்டுமானாலும் எழுந்து ஆண்டவர் செய்ததைச் சொல்லலாம் என்கிற சாட்சி நேரத்தில், அம்மா எழுந்தாள். முக்காட்டைச் சரி செய்துகொண்டாள். அவள் அதுவரை சபையில் வாய் திறந்து பேசியதே இல்லை.

"என் வூட்டுக்காரருக்கு ஆண்டவர் பேச்சைத் திருப்பிக் குடுத்துட்டாரு. அவருக்கு ஸ்தோத்திரம்."

ஹால் அதிர்ந்தது. அல்லேலூயா என்று கூரை வரை எழும்பியது. நான் கஞ்சிராவை அடித்த அடியில் உள்ளங்கை சிவந்துவிட்டது. பின்வரிசையில் வாசலை ஒட்டி, நெற்றியில் குங்குமத்தோடு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். யார் வீட்டுக்கோ வந்த விருந்தாளி என்று நினைத்தேன். அவர் என் அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணில் தண்ணீர் நின்றது.

வாரம் ஒன்று போயிருக்கும். விழுப்புரம் பஸ்ஸில் அப்பாவோடு வேலை செய்த கண்டக்டர் ஒருவர் எனக்கு டிக்கெட் கிழிக்காமல் நின்றார்.

"அப்பா பேசிட்டாராமே பாப்பா. டிப்போல எல்லாருக்கும் ஒரே சந்தோசம். நான் அப்பவே சொன்னேன், அந்தத் தொண்டை சும்மா கெடக்காதுன்னு."

"யாருங்க மாமா சொன்னாங்க?"

"எங்க டிரைவர் சம்சாரம் உங்க சர்ச்சுக்குத்தானே வருது. அதோட தங்கச்சி சொல்லிச்சாம்."

"அது... விசுவாசத்துல சொன்னதுங்க மாமா."

"அப்டின்னா?"

நான் வாயைத் திறந்தேன். பஸ் வளைந்தது, யாரோ மணிக்கயிற்றை இழுத்தார்கள், அவர் முன்னால் போய்விட்டார். முண்டியம்பாக்கம் வரும் வரைக்கும் அவருக்கு எப்படி விளக்குவது என்று யோசித்தேன். ஹாலுக்குள் அவ்வளவு தெளிவாக இருந்தது, நின்றுகொண்டு வருகிற கூட்டத்துக்கு நடுவே, மூட்டைகளுக்கும் கோழிக்கூடைக்கும் நடுவே, எந்தப் பக்கம் எடுத்தாலும் சரியாக வரவில்லை. திரும்பி வந்து அம்மாவிடம் சொன்னேன். "அவரு பேசிட்டா எல்லாம் சரியாப் பூடும்," என்றாள். ஆனால் அன்று ராத்திரி அப்பாவின் கால்மாட்டில் அவள் முழங்கால் போட்டிருந்த நேரம் வழக்கத்தைவிட அதிகம்.

அதற்கடுத்த வாரம் ஒரு செவ்வாய்க்கிழமை உச்சி வெயிலில் வாசலில் ஒரு சைக்கிள் ரிக்ஷா வந்து நின்றது. ஹாலில் பார்த்த குங்குமக்காரம்மாள் இறங்கினார். ரிக்ஷாக்காரரும் அவருமாக ஒரு ஆளைத் தோளில் தாங்கி உள்ளே கொண்டுவந்தார்கள். வேட்டி, வெள்ளைச் சட்டை, ஒரு பக்கம் தொங்குகிற கை. அப்பாவின் கட்டிலுக்கு எதிரே நாற்காலியில் உட்கார வைத்தார்கள். அந்த மனிதரின் வாயும் ஒரு பக்கம் இழுத்திருந்தது.

"விழுப்ரோம் தாண்டி காணையிலேர்ந்து பஸ்ஸு புடிச்சி வர்றோம்மா," என்றார் அந்த அம்மாள், மூச்சு வாங்க. "என் நாத்தனார் வூட்டுக்கு வந்தப்போ உங்க ஜெபத்துக்குக் கூட்டிக்கினு வந்தாங்க. உங்க வூட்டுக்காரரு பேசிட்டாருன்னு நீங்க சொன்னதை என் ரெண்டு காதால கேட்டேன். இவரும் அதே மாரிதான். கரும்புக் கொல்லையில தண்ணி கட்டிக்கினு இருந்தவரு, மடையிலயே வுழுந்துட்டாரு. பேச்சே இல்லை. நான் எங்க சாமிங்க எதையும் வுடலம்மா. நீங்க எந்த ஜெபம் பண்ணீங்க, எப்டிப் பண்ணீங்க, சொல்லுங்க. அப்டியே பண்றேன்."

அம்மா கையில் தண்ணீர்ச் செம்போடு நின்றுகொண்டிருந்தாள்.

அந்த அம்மாள் அப்பா பக்கம் திரும்பினார். "அண்ணா, ஒரு வார்த்தை பேசுங்கண்ணா. இவரு காதால கேக்கட்டும். நான் சொன்னா நம்ப மாட்றாரு. உங்க வாயால கேட்டா இவருக்கும் ஒரு தெம்பு வரும்."

அப்பாவுக்கு இது எதுவும் தெரியாது. நாங்கள் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று தோன்றவும் இல்லை. அவர் அந்த அம்மாளைப் பார்த்தார், எதிரே உட்கார்ந்திருந்தவரைப் பார்த்தார். பிறகு மெதுவாக அம்மாவைப் பார்த்தார். எல்லாம் கேட்கும், எல்லாம் புரியும் என்று டாக்டர் சொன்னதற்கு அந்தப் பார்வையைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

"அவரு இன்னும் பேசலைமா," என்றாள் அம்மா.

"அன்னிக்கு அத்தினி பேரு முன்னாடி சொன்னீங்களே."

"சொன்னேன்."

நான் குறுக்கே வந்தேன். எனக்குத்தான் எல்லாவற்றுக்கும் பதில் தெரியுமே. "அது எங்க வழக்கம்ங்க. கெடைக்கறதுக்கு முன்னாடியே கெடைச்சிட்டதா நம்பி நன்றி சொல்றது."

அந்த அம்மாள் முகத்தில் கோபம் இல்லை. புரிந்துகொள்ள நிஜமாகவே முயன்றார். "நாத்து வுடறதுக்கு முன்னாடியே அறுத்துட்டோம்னு சொல்ற மாரியா?"

அவர் தன் புருஷனைத் திரும்பிப் பார்த்தார்.

"எனக்குத் தெரியாதும்மா. தெரிஞ்சிருந்தா இந்த மனுசனை இம்மாம் தூரம் இழுத்துக்கினு வந்திருக்க மாட்டேன். வரமாட்டேன்னு கையால கதவைப் புடிச்சிக்கினாரு. நான்தான் வெரலைப் பிரிச்சுத் தூக்கியாந்தேன்."

நாற்காலியில் இருந்தவருக்கு ஒரு கண்ணிலிருந்து மட்டும் நீர் வழிந்தது. துடைக்கக் கை எழவில்லை. அப்போதுதான் அப்பா கட்டிலின் சட்டத்தை இடது கையால் அடிக்க ஆரம்பித்தார். திரும்பத் திரும்ப அடித்தார். தொண்டையிலிருந்து ஒரு ஓசை வந்தது. அதற்குள் எத்தனையோ வார்த்தைகள் இருந்தன, ஒன்றும் பிரிந்து வரவில்லை. அம்மா ஓடிப்போய் அந்தக் கையைப் பிடித்தாள். அவர் உதறினார். முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னோம். வேண்டாம் என்றார்கள். அம்மா கொடுத்த தண்ணீரை மட்டும் அந்த அம்மாள் தன் புருஷனுக்குக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினார். பாதி சட்டையில் வழிந்தது. வாசலில் ரிக்ஷாவில் ஏறும்போது அம்மாவின் தோளைத் தொட்டு, "நீயும் இன்னா பண்ணுவ," என்றார். அம்மா அதற்குப் பிறகுதான் அழுதாள்.

அன்று இரவு குடும்ப ஜெபத்துக்கு அம்மா கட்டில் அருகே முழங்கால் போட்டாள். அவள் "ஆண்டவரே" என்று தொடங்கினதும் அப்பா இடது கையால் இடது காதைப் பொத்திக்கொண்டார். மற்றக் காதைப் பொத்த அவருக்குக் கை இல்லை. அதைத் தலையணையில் அழுத்திக்கொண்டார். அம்மா நிறுத்திவிட்டாள். என்னைப் பார்த்தாள். நானும் தொடரவில்லை. எங்கள் வீட்டில் குடும்ப ஜெபம் அன்றோடு நின்றது.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே அம்மா பாஸ்டரிடம் போய் நடந்ததைச் சொன்னாள். அவர் கெட்ட மனிதர் இல்லை. சைக்கிளிலேயே நாலு ஊருக்குப் போய் ஊழியம் செய்து இளைத்துப்போன மனிதர். கேட்டுக் கண் கலங்கினார். ஆனால், "இப்ப வாபஸ் வாங்கினீங்கன்னா பிசாசுக்கு எடம் குடுத்த மாரி ஆயிடும் சிஸ்டர். இன்னும் கொஞ்சம் புடிச்சிக்கினு நில்லுங்க. கடைசி நிமிசத்துலதான் வுட்டுடுவோம் நாம," என்றார்.

சாட்சி நேரத்தில் அம்மா எழுந்தாள். ஸ்தோத்திரம் என்று சிலர் முன்னதாகவே சொன்னார்கள், உற்சாகப்படுத்துவதற்காக.

"போன மாசம் நான் இங்க ஒண்ணு சொன்னேன்," என்றாள். "அது நடக்கலை. அவரு பேசலை. நான் சொன்னதை நம்பி காணையிலேர்ந்து ஒரு அம்மா, பேச்சு போன புருசனைத் தூக்கிக்கினு எங்க வூட்டுக்கு வந்துட்டாங்க. அவங்களுக்கு நான் ஒண்ணும் குடுக்க முடியலை. எங்க வூட்டுக்காரரு என்னைப் பாக்கறதே இல்லை இப்ப. இனிமே நடந்ததை மட்டும் சொல்றேன். ஆண்டவர் என்னை மன்னிக்கணும்."

சாட்சியைத் திரும்பப் பெறுவது அந்த ஹாலில் அதுவரை யாரும் செய்யாதது. அதற்கு என்ன பதில் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தெரியவில்லை. ஆமென் சொல்வதா? கூரைத் தகட்டில் புறா நடக்கிற சத்தம் கேட்டது. பாஸ்டர் "பாட்டு பாடுவோம்" என்றார். யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை. வழக்கமாக எடுத்துக் கொடுப்பவள் நான். பக்கத்தில் இருந்த ஒரு சிஸ்டர் அம்மாவின் முந்தானையைப் பிடித்து மெல்ல இழுத்தார், உட்காரச் சொல்லி.

வெளியே செருப்பு மாட்டும்போது காதில் விழுந்தது: "விசுவாசம் தளர்ந்துட்டாங்க பாவம்." "அதான் இன்னும் பேச்சு வரல." நான் திரும்பினேன். அம்மா என் மணிக்கட்டை இறுக்கிப் பிடித்து நடத்திக்கொண்டு போனாள்.

பிறகு வந்த மாதங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வீட்டுக்கு ஜெபிக்க வருகிறவர்கள் குறைந்தார்கள், நின்றார்கள். அப்பாவை உடல்நிலை காரணமாக வேலையிலிருந்து விடுவித்தார்கள். அன்று பஸ்ஸில் என்னைக் கேட்ட கண்டக்டர்தான் வந்து, ரொம்பக் கூச்சத்தோடு, இலாகாவின் தோல் பையையும் விசிலையும் வாங்கிக்கொண்டு போனார். அப்பா விசிலைக் கொடுக்கும்போது கொஞ்ச நேரம் விரல்களை விரிக்கவில்லை. மாமா தலையில் முடி அப்படியே இருந்தது. "என் சாமியும் கம்முனு கெடக்கறாரு தங்கச்சி," என்றார் ஒரு நாள். அன்று அவர் கிண்டலாகச் சொல்லவில்லை.

அம்மா ஒரு தடவை தனியாகக் காணைக்குப் போய்வந்தாள். அந்த வீட்டைக் கேட்டு விசாரித்துக் கண்டுபிடித்தாளாம். அந்த மனிதர் அதே மாதிரி படுத்திருந்தாராம். அந்த அம்மாள் மோர் கொடுத்தாராம். புண் வராமல் எப்படிப் புரட்டிப் படுக்க வைப்பது, மலச்சிக்கலுக்கு என்ன கொடுப்பது என்று இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தார்களாம். "ஜெபம் பண்ணியாம்மா?" என்றேன். "இல்லை," என்றாள்.

எனக்குள் என்ன நடந்தது என்பதை எழுதுவது கடினம். நான் பஸ்ஸில், டைப் அடிக்கையில், தெருவில் நடக்கையில் ஆண்டவரோடு பேசிக்கொண்டே இருந்தவள். அந்தப் பேச்சு தானாக ஓடும். இப்போது தொடங்கினால், மறுமுனையில் ஆள் இல்லாத டெலிபோனைக் காதில் வைத்துக்கொண்டிருப்பது போல இருந்தது. வைத்துவிடவும் மனம் வரவில்லை. அப்பாவைப் போல ஆண்டவருக்கும் எல்லாம் கேட்கிறதா, எல்லாம் புரிகிறதா, சொல்லத்தான் வரவில்லையா? அப்படி நினைத்தபோது ஒரு நிமிஷம் நெஞ்சு இளகியது. அடுத்த நிமிஷம், இது நானே எனக்குக் கட்டிக் கொடுக்கிற ஆறுதல், ஒருவரும் கொடுத்ததில்லை என்று தெரிந்தது. சபைக்குப் போனேன். கஞ்சிராவை வேறு ஒரு பெண்ணிடம் கொடுத்துவிட்டேன். கை தட்டுகிற இடத்தில் தட்டினேன். அம்மா என் பக்கத்தில் முன்பு உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்தாள், கண்ணை மூடினாள், ஒன்றும் கேட்கவில்லை. அவள் உதடு அசையவே இல்லை என்பதைப் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டே இருப்பேன்.

அப்பா அம்மாவின் கையால் சாப்பிட்டார், அவள் கையைப் பிடித்து நடந்தார், ஆனால் அவள் முகத்தைப் பார்ப்பதில்லை. அவள் ஜெபிக்கக் கண்ணை மூடினாலே போதும், அவர் உடம்பு விறைத்துவிடும். அவள் சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். என்னால் இரண்டு பேருக்கும் நடுவில் ஒன்றும் செய்ய முடியவில்லை. பேசத் தெரிந்தவள், படித்தவள், எல்லாவற்றையும் விளக்கத் தெரிந்தவள்.

மழைக்காலத்தில் ஒரு மத்தியானம். மூன்று பேரும் தரையில் உட்கார்ந்திருந்தோம். அப்பா அப்போது சுவரில் சாய்ந்து உட்கார்ந்து இடது கையாலேயே சாப்பிடப் பழகியிருந்தார். அம்மா சோறு போட்டு, கருவாட்டுக் குழம்பு ஊற்றினாள். நான் பிசைய ஆரம்பித்தேன். அப்பா தட்டில் கை வைக்கவில்லை. உடம்பு சரியில்லையோ என்று பார்த்தேன். அம்மா, "காரமா இருக்குங்களா?" என்றாள். அவர் இல்லை என்று தலையை ஆட்டினார். சோற்றைப் பார்த்தார். பிறகு, எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு, அம்மாவைப் பார்த்தார். பார்த்துவிட்டுக் காத்திருந்தார்.

சாப்பிடும் முன் சொல்கிற ஜெபத்துக்குக் காத்திருக்கிறார் என்று எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. கரண்டியைக் குழம்புச் சட்டியிலேயே விட்டாள். கண்ணை மூடப் பயந்தாள். திறந்த கண்ணோடு, குழம்பையே பார்த்துக்கொண்டு, பேச ஆரம்பித்தாள். நிறுத்தி நிறுத்தி, ஒவ்வொன்றும் உண்மைதானா என்று பார்த்துப் பார்த்துச் சொல்வது போல.

"ஆண்டவரே. சோறு இருக்கு. கொழம்பு இருக்கு. மூணு பேரும் இருக்கோம்." அதற்கு மேல் என்ன சொல்வது என்று தேடினாள். கிடைக்கவில்லை. "ஸ்தோத்திரம்."

ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் அப்பாவின் உதடு குவிந்தது, விரிந்தது. ஒன்றும் வரவில்லை. அவர் சாப்பிட ஆரம்பித்தார். அம்மா மழைச் சத்தத்தில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், இன்னும் ஏதாவது வருமோ என்பது போல. நான் அவள் தட்டில் சோற்றைப் போட்டேன்.